மசினகுடி: காய்ச்சல் காட்டில் பிறந்த குழந்தைகள்

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. கூடலூர் ரோட்டில் இறங்கி, தெப்பக்காடு வழியாகச் சுற்றிக்கொண்டு போவது ஒன்று. தலைக்குந்தாவில் பிரிந்து, கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி நேராகக் காட்டுக்குள் இறங்குவது இன்னொன்று. இன்றைக்கு இந்தப் பாதையில் போகிறவர்கள் பெரும்பாலும் யானை பார்க்கப் போகிறவர்கள்தான். பழைய ஆங்கில ஆவணங்களில் இதன் பெயர் சீகூர் காட். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் இந்தப் பாதையைப் பற்றிப் பேசும்போது யானையை விட அதிகமாகப் பயந்தது ஒரு காய்ச்சலுக்கு!

1897-ஆம் ஆண்டு கோடைக்காலத் தொடக்கத்தில் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ டாக்டர் லீவு போட்டுவிட்டு இந்தப் பாதைக்கு வந்தார். ஊட்டி குளிரை அனுபவிக்க அல்ல, மலேரியாவைத் தேடி. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்ற சந்தேகம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. ஆனால் இரண்டு வருடமாகத் தவறான கொசுக்களையே அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சீகூர் பாதைக்கு வந்த சில நாட்களிலேயே, தினமும் கொய்னா சாப்பிட்டும், அவருக்கே மலேரியா வந்துவிட்டது. இங்கேதான் சுவரில் வால் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வித்தியாசமாக உட்கார்ந்திருந்த, புள்ளிச் சிறகு கொண்ட ஒரு கொசுவையும் கவனித்தார். அது அனாபிலிஸ் வகை. அதே வருடம் ஆகஸ்ட் 20-ஆம் தேதி செகந்திராபாத்தில், அந்த வகைக் கொசுவின் வயிற்றில்தான் மலேரியா கிருமியைக் கண்டுபிடித்தார். 1902-ல் நோபல் பரிசும் கிடைத்தது. பாடப்புத்தகங்களில் செகந்திராபாத் இருக்கிறது, சீகூர் இல்லை.

ராஸுக்குக் காய்ச்சல் வந்ததும் மலை ஏறித் திரும்ப முடிந்தது. கீழே மசினகுடி, வாழைத்தோட்டம், ஆனைகட்டி, சிறியூர், பொக்காபுரம் பக்கம் வாழ்ந்த இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டுப் பெண்களுக்கு ஏறிப் போக வேறு இடம் இல்லை. அவர்களுக்கு அது ஒரு சீசன் நோய் அல்ல. பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் நோய்.

மலேரியா எல்லோருக்கும் வரும்தானே, இதில் தாய்மார்களுக்கு என்ன தனிக் கணக்கு என்று கேட்கலாம். இருக்கிறது. மலேரியா அதிகமுள்ள ஊரில் வளர்ந்த பெரியவர்களுக்கு உடம்பில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். ஆனால் ஒரு பெண் முதல்முறை கருவுறும்போது அந்தச் சக்தி அவளைக் கைவிட்டுவிடுகிறது. காரணம், நஞ்சுக்கொடி என்ற புதிய உறுப்பு. மலேரியா கிருமி ஏறிய ரத்த அணுக்கள் அங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன. குழந்தைக்குப் போக வேண்டிய உணவும் காற்றும் குறைகின்றன. தாய்க்கு ரத்தசோகை முற்றுகிறது. கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம், அல்லது எடை குறைந்து பிறந்து சில நாட்களில் போய்விடலாம். அதிலும் முதல் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். தலைச்சன் குழந்தை தங்காமல் போவதற்குச் சாமி குற்றம், கண்ணேறு என்று ஊர்கள்தோறும் எத்தனையோ காரணங்கள் சொல்லப்பட்டன. பல இடங்களில் அது கொசுவின் வேலை.

இதற்கு மருந்து இல்லாமலும் இல்லை. கொடுமையே அதுதான்! 1860-களில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரச் செய்த சின்கோனா மரங்கள் நீலகிரியில்தான் நடப்பட்டன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் கொய்னா தொழிற்சாலையும் வந்தது. நடுவட்டத்திலிருந்து வடக்கே எட்டிப் பார்த்தால் முதுமலைக் காடு கீழே விரிந்து கிடக்கும். மருந்து மலை உச்சியில், நோய் மலை அடிவாரத்தில், நடுவே சில ஆயிரம் அடி உயரம்தான். ஆனால் அந்த மருந்து ராணுவத்துக்காகவும் நகரங்களுக்காகவும் தயாரானது. காட்டுக் குடிசையில் பிள்ளை பெறும் பெண் யாருடைய கணக்கிலும் இல்லை. பிறந்து ஐந்தாறு நாளில் இறந்துபோன காட்டுக் குழந்தை பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறியதும் இல்லை. பிறந்ததும் பதிவில்லை, இறந்ததும் பதிவில்லை.

ஆனால் இந்த மரணங்கள் எழுதப்பட்ட ஒரு பதிவேடு உண்டு. அது அந்த மக்களின் ரத்தம்.

1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுவரை ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மட்டுமே இருப்பதாகப் பலரும் நினைத்திருந்த அரிவாள் அணு, இருளர், குறும்பர், பணியர் ரத்தத்திலும் கணிசமாக இருந்தது. சாதாரண சிவப்பணு வட்டமாக இருக்கும். இந்த அணு ஆக்சிஜன் குறையும்போது கதிர் அரிவாள் போல் வளைந்துவிடும். இந்தியாவில் இந்த அணு அறிவியல் உலகுக்குத் தெரியவந்த முதல் இடம் நீலகிரிதான். இரண்டு வருடம் கழித்து, 1954-ல், ஆண்டனி அலிசன் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வுகளை வைத்து இதன் காரணத்தைச் சொன்னார்: தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தக் குணத்தைப் பெற்ற குழந்தையை மலேரியா சுலபத்தில் கொல்ல முடிவதில்லை.

அதாவது, இந்தக் குணம் ஒரு கேடயம். ஆனால் கேடயத்துக்கு ஒரு விலை இருக்கிறது. தாய் தந்தை இருவரிடமும் இந்தக் குணம் இருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோயாகவே வருவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தக் குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். கருவில் உண்டான ஹீமோகுளோபின் முதல் சில மாதங்கள் அதைக் காப்பாற்றும். அரை வயது நெருங்கும்போது கை கால் விரல்கள் வீங்கும், சோகை தட்டும், சாதாரணக் காய்ச்சலே உயிருக்கு உலை வைக்கும். அந்தக் குழந்தை பெண்ணாக இருந்து, பிழைத்து வளர்ந்து, தாயாகவும் ஆனால் பிரசவம் அவளுக்கு இன்னொரு கண்டம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு சமூகத்தின் ரத்தத்தில் இப்படி ஒரு குணம் இவ்வளவு பேரிடம் நிலைத்து நிற்க வேண்டுமானால், அந்தக் குணம் இல்லாத குழந்தைகள் எத்தனை தலைமுறைக்கு, எத்தனை பேர் காய்ச்சலில் செத்திருக்க வேண்டும்! நீலகிரி அடிவாரத்துச் சிசு மரணங்களுக்குப் புள்ளிவிவரம் எழுதியவர் யாரும் இல்லை. இந்த ரத்தம்தான் சாட்சி.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. வந்தது. மலேரியா ஒழிந்தால் குழந்தைகள் எந்த அளவுக்குப் பிழைப்பார்கள் என்பதற்கு இலங்கை ஒரு பெரிய உதாரணம். 1946-ல் அங்கே ஆயிரம் குழந்தைகளில் 141 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன் இறந்தார்கள். டி.டி.டி. தீவு முழுக்க அடிக்கப்பட்ட பிறகு, 1947-ல் அது 101. ஒரே வருடத்தில்! எல்லாப் பெருமையும் டி.டி.டி.க்குத்தானா என்று அறிஞர்கள் பிறகு பல வருடம் சண்டை போட்டார்கள். அங்கே மருத்துவச்சிகளும் ஆஸ்பத்திரிகளும் உணவு மானியமும் அதே காலத்தில் பெருகின என்பதும் உண்மை. இந்தியாவில் 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. நீலகிரி, வயநாட்டு அடிவாரங்களிலும் மருந்து அடித்தார்கள். தெளிந்த ஓடைகளில் முட்டையிடும் மலையடிவார அனாபிலிஸ், சுவரில் உட்கார்ந்த இடத்திலேயே செத்து விழுந்தது. காய்ச்சல் குறைந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் சந்தோஷமாக இருந்திருக்கும். முடியவில்லை.

குழந்தைகளைக் கொன்ற அதே காய்ச்சல்தான், வேலி மாதிரி நின்று வெளியாட்களையும் தடுத்துவந்தது. 1880-களை ஒட்டி தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் இருக்கிறதென்று லண்டன் கம்பெனிகள் விழுந்தடித்துக்கொண்டு வந்து, தங்கமும் கிடைக்காமல், காய்ச்சலும் வாங்கிக்கொண்டு ஓடிய கதை பிரசித்தம். மலேரியா அடங்கியதும் அந்த வேலி சரிந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கம் என்ற பெயரில் கேரளத்துச் சமவெளியிலிருந்து விவசாயிகள் கூடலூர் பக்கம் ஏறினார்கள். 1964-ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களும் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. மசினகுடிப் பக்கம் அதற்கு முன்பே சிங்காராவில் பைக்காரா மின் நிலையம் (1932) வந்திருந்தது. பிறகு மாயார் மின் நிலையம் (1952). முதுமலையில் 1940-லேயே சரணாலயச் சட்டமும் வந்துவிட்டது. வந்தவர்களில் பலரும் பிழைப்புக்கு வழியில்லாமல் வந்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கிழங்கும் கீரையும் தேனும் கேழ்வரகும் தந்த காடு, பழங்குடிகளின் கையை விட்டுப் போனது. கூலியும் ரேஷன் அரிசியும் மிஞ்சின. காய்ச்சல் போன இடத்தில் பசி வந்து உட்கார்ந்துகொண்டது. ரத்தசோகை போகவில்லை, காரணம்தான் மாறியது.

பிரசவங்களும் பழையபடி குடிசைக்குள்ளேயே நடந்தன. ஊர்ப் பாட்டிகள் கைராசிக்காரர்கள்தான், அதில் சந்தேகமில்லை. நல்லபடியாகப் பிறக்கிற குழந்தையை அவர்களால் நன்றாகவே வாங்க முடியும். ரத்தப்போக்கு நிற்காவிட்டால், குழந்தை குறுக்கே கிடந்தால், தாய்க்கு வலிப்பு வந்தால் அவர்களிடம் ஒன்றும் இல்லை. சுத்தமில்லாத கருவியால் தொப்புள்கொடியை அறுத்தால் ரணஜன்னி வேறு. ஒரு வாரக் குழந்தை பால் குடிக்க வாய் திறக்காமல், விறைத்துக்கொண்டு சாகும். கர்ப்பிணிக்கு இரண்டு தடுப்பூசி போட்டால் தடுக்கக்கூடிய நோய் அது. ஊசி போடுகிறவர் அந்த ஊருக்கு வர வேண்டும், அல்லது அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

ஏன் போகவில்லை? "ஆதிவாசிகளுக்கு அறியாமை" என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடுவது வழக்கம். அது சோம்பேறித்தனமான பதில். ஆஸ்பத்திரி என்பது பல மைல் நடை, ஒரு நாள் கூலி இழப்பு, புரியாத பாஷை, "இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தே?" என்ற அதட்டல், சொந்த ஊரார் யாரும் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெறுவது. இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் அந்தப் பெண்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

நீலகிரியில் இதை மாற்றப் பார்த்தவர்கள் சிலர். 1958-ல் கோத்தகிரியில் டாக்டர் எஸ். நரசிம்மன் ஆரம்பித்த நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கம் அதில் முன்னோடி. ஆனால் இந்தக் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது கூடலூர்தான். 1980-களின் நடுவில் ஸ்டான் தேக்கேகரா, மாரி தேக்கேகரா தம்பதி அங்கே அக்கார்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் முதல் வேலை மருத்துவம் அல்ல, நில உரிமை. ஆதிவாசி முன்னேற்ற சங்கம் உருவாகி, 1988 டிசம்பர் 5 அன்று பல ஆயிரம் ஆதிவாசிகள் கூடலூர் வீதியில் ஊர்வலம் போனார்கள். இதற்கிடையில், 1987-ல், தேவதாசன், ரூபா என்ற டாக்டர் தம்பதி வந்து சேர்ந்து, ஊர் ஊராக ஆதிவாசி இளம் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். கர்ப்பிணியைக் கண்டுபிடிப்பது, எடை பார்ப்பது, தடுப்பூசிக்கு அழைத்து வருவது, எந்தெந்த அறிகுறி வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது... பெரிய படிப்பு தேவைப்படாத வேலைகள். ஆனால் சொல்பவள் சொந்த அக்கா மகளாகவோ நாத்தனாராகவோ இருந்ததால் கேட்டார்கள்.

பிறகு 1990-ல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பிறந்தது. அஸ்வினி என்ற அமைப்பு அதை நடத்துகிறது. அறுவை சிகிச்சை நிபுணர் நந்தகுமார் மேனனும் மகப்பேறு மருத்துவர் ஷைலா தேவியும் அங்கே வந்து நிலைத்தார்கள். நர்ஸ்களாக ஆதிவாசிப் பெண்களே பயிற்சி பெற்றார்கள். படுக்கையில் வலியோடு கிடக்கும் பணியப் பெண்ணிடம் அவள் பாஷையிலேயே பேச ஒருத்தி இருந்தாள். 1992-ல், இன்ஷூரன்ஸ் என்ற சொல்லே நகரத்து நடுத்தர வர்க்கத்துக்கு மட்டும் என்றிருந்த காலத்தில், ஆதிவாசிக் குடும்பங்களுக்கென்று மருத்துவக் காப்பீடும் ஆரம்பித்தார்கள். அரிவாள் அணு நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்து, போலிக் அமிலம், ஹைட்ராக்ஸியூரியா போன்ற மருந்துகளோடு வருடக்கணக்கில் கூடவே இருந்து கவனிக்கும் வேலையும் அங்கே நடக்கிறது. 1952-ல் ஆராய்ச்சியாளர்கள் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போய்க் கட்டுரை எழுதினார்கள். அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு வைத்தியம் வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அரசாங்கத்தின் பங்கைக் குறைத்துச் சொல்வதும் நியாயமில்லை. 1971-ல் தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தைகளுக்கு 113 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 2001-ல் 49. 2020-ல் 13, அதே வருடம் இந்தியா முழுமைக்கும் 28. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் மகப்பேறு நிதி உதவி, மூன்று நர்ஸ்களோடு 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாகக் கால் வலிக்க நடக்கும் கிராம சுகாதார செவிலியர்கள்... இந்தச் சரிவுக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள். 2015-ல் இந்தியா முழுக்கவே பச்சிளங்குழந்தை ரணஜன்னி ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள்; நாட்டின் சராசரி 97.

ஆனால் சராசரி என்பது சமவெளிக்காரன் கணக்கு. பத்துக் குழந்தை பிறக்கும் ஒரு காட்டு ஊரில் ஒன்று இறந்தால் விகிதம் ஆயிரத்துக்கு நூறு. அடுத்த வருடம் ஒன்றும் இறக்காவிட்டால் பூஜ்யம். இரண்டுமே அந்த ஊரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அதனால்தான் தமிழ்நாட்டில் 1990-களிலிருந்து நடந்துவரும் இன்னொரு வேலை முக்கியமானது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், வீட்டுக்கே போய், எப்போது வலி வந்தது, யார் யாரிடம் சொன்னீர்கள், எந்த வண்டியில் போனீர்கள், அங்கே எத்தனை மணிக்கு டாக்டர் பார்த்தார் என்று மணிக்கணக்கோடு விசாரித்து எழுதுகிறார்கள். மூன்று தாமதங்கள் என்று இதைப் பிரித்துப் பார்ப்பார்கள்: போகலாமா என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் கவனிப்பதில் தாமதம்.

முதல் தாமதத்தைக் கூடலூரில் அந்த ஊர்ப் பெண்களே பெருமளவு குறைத்துக்காட்டினார்கள். மூன்றாவதற்கு, 2022-ல் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. மசினகுடிப் பக்கத்துக் காட்டு ஊர்களில் இன்னும் முரண்டு பிடிப்பது நடுவில் உள்ள இரண்டாவது. மசினகுடியில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. ஆனால் சிசேரியன் தேவைப்பட்டால், ரத்தம் ஏற்ற வேண்டுமானால், ராத்திரியில் ஒன்று கல்லட்டியின் 36 வளைவுகளையும் ஏற வேண்டும், இல்லையென்றால் தெப்பக்காட்டு வழியாகப் புலிகள் காப்பகத்துக்குள் போக வேண்டும். நடுரோட்டில் யானை நின்றால் ஹாரன் அடிக்கக்கூடாது, விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே வலியோடு ஒரு பெண் இருந்தாலும் சரி. இதே மாயாறு கீழே இறங்கிப் போகிற வழியில் தெங்குமரஹாடா என்ற ஊர் இருக்கிறது, அதுவும் நீலகிரி மாவட்டம்தான். அங்கே ஆற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் பெருகினால் பரிசலும் ஓடாது.

இதற்காகத்தான் மலைப் பகுதி சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் கட்டப்பட்டன. வலி வரும் வரை ஊரில் இருக்க வேண்டாம், தேதிக்கு முன்பே வந்து தங்கிவிடு என்பதுதான் ஏற்பாடு. நல்ல யோசனைதான். பத்து நாள் கூலி போகும், ஆட்டைக் காட்டு மிருகத்திடமிருந்து காக்க ஆள் வேண்டும், வீட்டில் மூன்று வயதில் இன்னொன்று அழுதுகொண்டிருக்கும். வந்து கூப்பிடும் செவிலியரிடம் அந்தப் பெண் முதலில் கேட்பது, பெரிய குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்பதைத்தான்.